எடுப்பு நடக்காத வீட்டு அடுப்பு

அன்பு மச்சான் யோகா,

இது உனக்கு வந்து சேருமா என்று கேட்டால், சேராது என்றுதான் சொல்வேன். செத்தவன் கடிதம் படிப்பான் என்று நம்புகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் விஷயம் உன் அம்மாவைப் பற்றியது. அதைக் கேட்க வேண்டிய ஆள் நீ. எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன், திட்டாதே. உன் பேரை வைத்து ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறாங்க. நடந்ததை நடந்தபடி ஒருத்தனாவது சொல்ல வேண்டாமா?

முதல் செய்தி. உன்னைத் தேடுவதை நிறுத்திட்டாங்க.

மண் தோண்டுகிற பெக்கோ மெஷினை லொறியில் ஏற்றிக் கொண்டுபோன அன்று நான் அங்கேதான் நின்றேன். ஆமிக்காரப் பையன் ஒருத்தன், நம்மைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவனாக இருப்பான், முழங்கால்வரை சேறு. என் தோளில் கை வைத்து, "தவ பே, மல்லி" என்று சிங்களத்தில் சொன்னான். இனிமேல் முடியாது, தம்பி. அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு வாளி மண் எடுத்தால் மேலே இருந்து இரண்டு வாளி இறங்கியது. தண்ணீர் குடித்த மண் அப்படித்தான் செய்யும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியாது.

என்ன நடந்தது என்று உனக்கே தெரிந்திருக்காது. மழை விடாமல் ஊற்றிய அந்தப் பகலில் நீ நுவரெலியா ஹோட்டல் சமையல் வேலையில் இருந்து லீவில் வந்திருந்தாய். ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தானே நம் லயம், அதன் கடைசியில் இருக்கிற உங்கள் தொங்கல் வீட்டில், அடுப்பில் ஏதோ ஏற்றியிருந்தாய். கறிவேப்பிலை இல்லை என்று அத்தையை, உன் அம்மாவை, மேல் லயத்துக்கு, மல்லிகா அக்கா வீட்டுக்கு அனுப்பினாய். அத்தை கறிவேப்பிலையோடு திரும்பி வந்தபோது லயம் இல்லை. அடுப்பும் இல்லை, நீயும் இல்லை, பின்பக்கத்துக் கொய்யா மரமும் இல்லை. சிவப்பு மண் மட்டும் இருந்தது.

மற்ற வீட்டு ஆட்களை ஒவ்வொருத்தராக எடுத்து அடக்கம் பண்ணியாயிற்று. நீ மட்டும்தான் கிடைக்கவில்லை.

இரண்டாவது செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். அத்தை சாப்பிடுவதை நிறுத்திட்டாங்க.

துக்கத்தில் சோறு இறங்காமல் கிடப்பது வேறு. அது தானாகத் தீரும். இது அப்படி இல்லை. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? வீட்டில் சாவு விழுந்தால், எடுப்பு முடிகிறவரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது, வீட்டு ஆட்கள் சோறு தொட மாட்டாங்க. வருகிறவங்களுக்கும் பால் போடாத சாயத்தண்ணி, பிஸ்கட், அவ்வளவுதான். பிணத்தை எடுத்து, குளித்து முழுகி, அப்புறம்தான் சோறு. ஒரு நாள் விஷயம். வெளிநாட்டில் இருந்து பிள்ளை வரவேண்டும் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு நாள் போகும். அந்த வழக்கத்தை உண்டாக்கியவன், பிணமே கிடைக்காத ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

"எம்புள்ளய இன்னும் எடுக்கலயேடா. எடுக்காத வீட்டுல எப்புடிச் சோறு திங்கிறது?" என்றாங்க.

"வீடே இல்லயே அத்தை."

"வீடு இல்லாட்டி என்னா? நான் இருக்கேன்ல?"

 

அத்தைக்குச் சீனி வியாதி, மாத்திரை போடுகிறவங்க. தோட்டத்து டிஸ்பென்சரி நர்ஸ் மிஸ், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாங்க. "வெறும் வயித்துல மாத்திர போட்டா சீனி கீழ எறங்கும். போடாம விட்டா மேல ஏறும். ரெண்டுலயும் ஆள் போயிருவாங்க தம்பி. எப்படியாச்சும் சாப்புட வைங்க."

எப்படியாச்சும். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. எப்படி என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

நாங்கள் எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூட ஹாலில் இருந்தோம். றொசல்லை ஸ்டேஷனுக்கு ரயில் வரவில்லை, தண்டவாளத்தின் மேல் மண். ஆனாலும் வெளியே இருந்து சாமான் வந்துகொண்டிருந்தது. சமைக்கத்தான் ஆள் இல்லை. பாதிப் பேருக்கு மேல் தீட்டு, பொதுச் சட்டியைத் தொட மாட்டாங்க. மீதிப் பேரில் சிலருக்குக் கை உடைந்திருந்தது, சிலருக்கு மனசு. தீட்டில்லாத மல்லிகா அக்கா தனி ஆளாக அடுப்போடு மல்லாடிவிட்டு என்னைப் பிடித்தாங்க.

"நீ யோகன் கூட்டாளிதானே? ஒனக்கு எல்லாம் தெரியும்."

"நான் பேக்டரியில டிரையர் பாக்கிறவன் அக்கா. தேயிலை காய வைக்கிறவன்."

"காய வைக்கத் தெரிஞ்சவனுக்கு வேக வைக்கத் தெரியாதா? அகப்பையப் புடிடா."

பிடித்தேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நாம் இதைப் பற்றி எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம்! எனக்கு அளவு வேண்டும். டெக்னிக்கல் கல்லூரியில் படித்தவனுக்கு அளவு இல்லாமல் கை நகராது. உங்கள் செஃப் ஒவ்வொரு கறிக்கும் கிராம் கணக்கில் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார் என்று நீ கேலி பண்ணியபோது, நான் செஃப் பக்கம்தான் பேசினேன்.

"மழ நாள்ல ஈரக் கொழுந்து வந்தா ஒன் டிரையர என்னா செய்வ?" என்று கேட்டாய்.

"கொழுந்த மெதுவா விடுவேன். இல்லாட்டிச் சூட்ட ஏத்துவேன்."

"அப்புடி எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்ல. கொழுந்தப் பாத்து, கையில புடிச்சுப் பாத்துச் செய்றது."

"அப்ப வாய மூடு."

உச்சி மலையில் நடந்த பட்டிப்பொலக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நீ சமைக்க, நான் விறகு தள்ள. கொழும்புக்காரர் யாரோ எழுதிய முறையைப் பெண் வீட்டில் கொடுத்து, இதன்படிதான் கடலைக் கறி வேண்டும் என்று நின்றாங்க. கடலை கொதித்துக்கொண்டே கிடந்தது, வேகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பந்திக்கா, துவக்குல போட்டுச் சுடுறதுக்கா?" என்று கேட்டார். நான் உனக்கு விளக்கினேன். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், குமிழி வந்தாலும் வேக வைக்கிற அளவுக்கு அதில் சூடு இருக்காது என்று. "அப்ப ரெசிபி எழுதுனவன் எந்த மலையில குந்தியிருந்தான்னு மொதல்ல கேக்கணும்" என்றாய். மூடியின் ஓரத்தை மாவால் ஒட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாய். கடலை வெந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த சோதனை அரிசி. கீழே ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு பிடி என்று சேர்த்து அனுப்பியிருந்தாங்க. நல்ல மனசுதான். ஆனால் ஒரே மூட்டைக்குள் சம்பா, நாட்டரிசி, சிவப்பரிசி, பச்சை, புழுங்கல் எல்லாம் கலந்து கிடந்தது. சம்பா குழைந்து பசையாகிற நேரத்தில் சிவப்பரிசி உள்ளே கல்லாக நின்றது. அதைத் தின்ற பிள்ளைகளுக்கு வயிற்று வலி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேயிலைக்காரன் புத்தி. எது வந்தாலும் சல்லடையில் போட்டுத் தரம் பிரிப்பது. பேக்டரியில் இருந்து சல்லடைகளைக் கொண்டுவந்து அரிசியைச் சலித்தேன். பெரிது ஒரு பக்கம், சிறிது ஒரு பக்கம், பார்க்க அழகாகத்தான் பிரிந்தது. தேயிலைக்கு அது சரி. ஒரே இலை, தூள் பெருசா சிறுசா என்பதுதான் கேள்வி. அரிசியில் நீளத்துக்கும் வேகிற நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. தவிட்டோடு இருக்கிறதா, முன்னமே புழுக்கியதா என்பதைச் சல்லடைக் கண் பார்க்காது. போதாததற்குச் சல்லடையில் ஒட்டியிருந்த தூள் எல்லாம் அரிசியில் ஏறிவிட்டது.

மல்லிகா அக்கா தட்டை முகர்ந்து பார்த்தாங்க. "ஏன்டா தம்பி, சோத்தையும் தேத்தண்ணியையும் ஒண்ணாவே போட்டுட்டியா? வேல மிச்சம்."

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பிரிக்க முடியாது என்றால் எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கடினமான மணிக்கு என்ன குறை? தண்ணீர் உள்ளே போக நேரம் வேண்டும். அந்த நேரத்தை அடுப்பில் கொடுத்தால் மற்றது குழையும். அடுப்புக்கு முன்னால் கொடுத்தால்? காலையிலேயே எல்லா அரிசியையும் ஊறப்போட்டேன். சிவப்பு மணியை நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் உடைய வேண்டும், அதுவரைக்கும் அடுப்பில் ஏற்றவில்லை. அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு, மூடிக்குப் பாரம் வைத்து, வடித்தேன். ஹோட்டல் சோறு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வயிற்று வலி நின்றது.

அந்தச் சோற்றைத் தட்டில் போட்டு அத்தை முன்னால் வைத்தேன். தட்டை என் பக்கமே தள்ளிட்டாங்க.

குழைத்து, கரைத்து, கஞ்சித் தண்ணியாக டம்ளரில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாங்க.

"இது என்னா?"

"தண்ணிதான் அத்தை."

"என்னய ஏமாத்துறியா? சோத்தக் கரைச்சா அது சோறு இல்லேன்னு ஆயிருமா? ஒன்னக் கரைச்சா நீ இல்லேன்னு ஆயிருவியா?"

சரி என்று வழியை மாற்றினேன். கெஞ்ச எனக்குத் தெரியாது, பொறுமையும் கிடையாது. விதியை எடுத்துப் பார்த்தேன். எடுக்காத வீட்டில் எது ஆகும்? சாயத்தண்ணி ஆகும். பிஸ்கட் ஆகும். அப்படியானால் அந்த இரண்டுக்குள்தான் வேலை. கடைப் பிஸ்கட்டில் மாவும் சீனியும் தவிர ஒன்றும் இல்லை, அத்தைக்கு ஆகாது. பாசிப்பயறை வறுத்து அரைத்தேன், குரக்கன் மா சேர்த்தேன், தேங்காயைத் துருவிப் போட்டு உப்புப் போட்டுப் பிசைந்து, தட்டி, தகரத்தில் வைத்து மேலும் கீழும் தணல் போட்டேன்.

முதல் தடவை வெளியே கல், உள்ளே களி. டிரையரில் எடுத்த எடுப்பில் சூட்டை ஏற்றினால் இலையின் வெளிப்பக்கம் இறுகி ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதேதான். பயற்றம் மாவில் கோதுமை மாதிரி ஒட்டும் பிடிப்பும் கிடையாது. மெல்லிசாகத் தட்டினேன், தேங்காயைக் கூட்டினேன், தணலைக் குறைத்து மெதுவாகக் காய விட்டேன். அப்போது மொறுமொறு என்று வந்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன் மச்சான். அவ்வளவு மறந்துபோயிருந்தேன்.

அத்தை ஒன்றை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பையில் தட்டிப் பார்த்தாங்க.

"இது எந்தக் கடப் பிஸ்கட்?"

"பேக்டரிப் பிஸ்கட்."

"பொய் சொல்லாத. அடுப்புல வெச்சுச் சுட்டதுதானே?"

"கடப் பிஸ்கட்டும் அடுப்புல சுட்டதுதான் அத்தை. கடக்காரன் என்ன, மரத்துல இருந்தா பறிச்சுட்டு வாரான்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிச்சாங்க. அத்தை சிரிக்கவில்லை. ஆனால் அதில் பாதியைச் சாயத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாங்க. மிஸ் மாத்திரையைக் குறைச்சாங்க. அப்படியே ஓட்டினோம்.

ஓடவில்லை. தண்ணிக் குழாய் வரிசையில் நின்றபடியே அத்தை சரிந்து விழுந்தாங்க. கை கால் குளிர்ந்து, வேர்த்து, என்னைப் பார்த்து "யோகா, கறிவேப்பில கொண்டாந்துட்டேன்" என்றாங்க. நாக்குக்கு அடியில் சீனியை வைத்துத் தேய்த்து எழுப்பினோம். அன்றைக்கு எனக்கு விளங்கியது, பிஸ்கட் சுட்டுத் தள்ளிப்போடுகிற வேலை இது இல்லை என்று. எடுப்பு நடக்க வேண்டும். இல்லையென்றால் உனக்குப் பின்னால் அவங்களையும் எடுக்க வேண்டிவரும்.

கோயில் தலைவர் அதற்கு முன்னாலேயே ஒரு வழி சொல்லியிருந்தார். உடல் கிடைக்காதவங்களுக்கு, அவங்க கிடக்கிற சரிவில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் கட்டி, பாடையில் வைத்து எடுக்கலாம், அதுவும் எடுப்புத்தான் என்று. மறுபடியும் வந்து அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னார்.

"மண்ண எடுத்து மண்ணுல பொதைக்கிறதுக்கு எதுக்குங்க தப்பு மேளம், எதுக்குங்க பாட?" என்று கேட்டாங்க அத்தை. "எம்புள்ள எங்கயாச்சும் உசுரோட கெடந்தான்னா? ஆஸ்பத்திரியில பேர் தெரியாமக் கெடந்தான்னா?"

சுற்றி நின்றவங்க எல்லாம் "ஆமா, பாப்போம், கடவுள் இருக்காரு" என்றாங்க. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் உண்மை தெரியும், எல்லாரும் அன்பாகப் பேசி ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருந்தாங்க.

நான் சொன்னேன். "அத்தை, அவன் உசுரோட இல்ல. மண்ணு வந்தப்ப அவன் அடுப்படியில நின்னான். இப்ப அந்த அடுப்படிக்கு மேல பாதி மல கெடக்கு. தோண்டுறத நிப்பாட்டிட்டாங்க, மெஷினக் கொண்டுபோயிட்டாங்க. அவன் கெடைக்க மாட்டான். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல."

அத்தை எழுந்து நின்றாங்க. "ஒன் வாயில மண்ணு விழ!" என்றாங்க.

நம் ஊரில் யாரும் யாரையும் திட்டுகிற திட்டுத்தான். ஆனால் அந்த ஹாலில் அந்த வார்த்தை விழுந்ததும் பேச்சுச் சத்தம் எல்லாம் நின்றது. அத்தைக்கே அது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. மல்லிகா அக்கா என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, "நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டாங்க. சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. நீயாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாயா? வேறு மாதிரிச் சொல்ல அதில் என்ன இருந்தது?

மறுநாள் காலையில் அத்தை கூப்பிட்டாங்க. முகத்தைப் பார்க்காமலே கேட்டாங்க. "அவன் உடுப்பு ஏதாச்சும் மிச்சம் இருக்கா? எல்லாந்தான் மண்ணுக்குள்ள போயிருச்சே."

ஹோட்டலில் இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. பாதி தூரம் நடை, பாதி தூரம் பஸ் என்று நுவரெலியா போய்ச் சேர்ந்தேன். உன் வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போட்டு, தேய்த்து, மடித்து வைத்திருந்தாங்க. உன்னோடு வேலை செய்கிற பையன்கள் சமையலறை வாசலில் வந்து வரிசையாக நின்றாங்க. வெள்ளைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். யாரோ புதுக் கோட்டு வாங்கி வருகிறான் என்று பஸ்ஸில் இருந்தவங்க நினைத்திருப்பாங்க.

வழியில் கொட்டகலையில் இறங்கி, முஸ்லிம் நானா கடையில் கட்டாக் கருவாடு கேட்டேன். ஹோட்டலில் ஊருக்கெல்லாம் எதையெதையோ சமைத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் உனக்கு அது ஒன்றுதானே வேண்டும். கட்டாக் கருவாடும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. அதுவும் அத்தை வைக்கக் கூடாது, நீயே வைக்க வேண்டும். அவங்களும் நீ வந்தால் அடுப்புப் பக்கம் போவதில்லை.

"உப்பு எப்புடி நானா?"

"புதுச் சரக்கு தம்பி. தின்னு பாத்தாத்தான் தெரியும்."

"தின்னு பாக்க முடியாது. படையலுக்கு."

நானா கருவாட்டைச் சுற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப அல்லாவும் ஒங்க சாமியும் பேசித் தீத்துக்கட்டும்" என்று, தேடிப் பிடித்து நல்ல துண்டாகக் கொடுத்தார்.

அத்தை கோட்டை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாங்க. "சோப்பு வாசந்தான் வருது" என்றாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

கோட்டை விரித்து, அதற்குள் சரிவில் எடுத்த மண்ணை வைத்துக் கட்டி, பாடையில் ஏற்றினோம். தப்பு அடிச்சாங்க. நான் முன் பக்கம் பிடித்தேன். உன்னைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று தெரியும், எத்தனை தடவை குடித்துவிட்டு என் தோளில் தொங்கியிருக்கிறாய். இது ஒரு கனமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நாள் எல்லாம் தள்ளிப்போய்விட்டதால் கருமாதியையும் அன்றைக்கே சேர்த்துச் செய்துவிடலாம் என்று தலைவர் முன்னமே சொல்லியிருந்தார். படையல் சமையல் என் கையில் வந்தது.

"தம்பி, கரண்டிய வாயில வெச்சிராத," என்றாங்க மல்லிகா அக்கா. "செத்தவனுக்குப் படைக்கிறத நாம எச்சில் பண்ணக் கூடாது."

"தெரியும் அக்கா."

"தெரியும்னு சொல்லிக்கிட்டே நக்கிருவ. ஒன் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது."

மச்சான், சமையலிலேயே ருசி பார்க்காமல் வைக்கக் கூடாத ஒன்று கருவாட்டுக் குழம்பு. ஒவ்வொரு கருவாட்டிலும் ஒவ்வோர் அளவு உப்பு. எந்த அட்டையும் உதவாது. அட்டை எழுதியவனுக்கு நானா கடைக் கருவாட்டைத் தெரியாது. நாக்கு இல்லை என்றால் வேறு எதை வைத்து அளப்பது? கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்தேன். அந்தத் தண்ணியில் ஒரு சொட்டு எடுத்துச் சூடான தகர மூடியில் விட்டேன். பக்கத்தில், ஒரு கரண்டி நல்ல தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, அதிலும் ஒரு சொட்டு. இரண்டும் காய்ந்து வெள்ளை வட்டம் விழுந்தது. கருவாட்டுத் தண்ணியின் வட்டம் தடிப்பாக இருந்தது. அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு மறுபடியும் ஊறவைத்தேன். மறுபடியும் ஒரு சொட்டு. இரண்டு வட்டமும் ஒன்றுபோல வந்ததும் எடுத்தேன்.

கருவாட்டைத் தனியாகப் பொரித்து, கிழங்கைப் புளித்தண்ணியில் போடுவதற்கு முன்னமே அரை வேக்காடு வைத்தேன். புளி முதலில் சேர்ந்தால் கிழங்கு இறுகிப்போகும். தேங்காய்ப்பால் திரியாமல் கடைசியில் விட்டேன். வெங்காயம் தாளிக்கிற சத்தம் சடசடவில் இருந்து அடங்குவதைக் காதால் கேட்டு இறக்கினேன். மேற்கொண்டு உப்புப் போடவா வேண்டாமா என்று உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அளந்த கணக்கு வேண்டாம் என்றது. போடவில்லை.

இலையில் சோறு, குழம்பு, முட்டை, ஒரு கிளாஸ் சாராயம், ஒரு சிகரெட். சூடம் கொளுத்தினோம். எல்லாம் முடிந்து, அத்தையை உட்காரவைத்து அந்த இலையில் இருந்தே அவங்களுக்கு எடுத்து வைத்தாங்க.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி அவங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாங்க. அத்தை சோற்றைப் பிசைந்தாங்க. ஒரு வாய் வைச்சாங்க. மெதுவாக மென்றாங்க.

"உப்புப் பத்தல" என்றாங்க.

மல்லிகா அக்காவின் முகம் செத்துப்போயிற்று. படையலில் உப்புக் குறைந்தால் ஆயிரம் பேச்சு வரும். நான் எங்கே பிசகியது என்று அங்கேயே கணக்குப் போட்டேன். இரண்டாவது தடவை ஊறவைத்தது கூடிவிட்டது, கிழங்கும் தேங்காய்ப்பாலும் இழுக்கிற உப்பை நான் சேர்க்கவில்லை.

அத்தை இன்னொரு வாய் எடுத்தாங்க. அதையும் மென்று விழுங்கினாங்க. கருவாட்டுத் துண்டு ஒன்றை விரலால் பிரித்துப் பார்த்தாங்க.

"இது அவன் வெச்சது இல்ல" என்றாங்க. யாரிடமும் சொல்லவில்லை, இலையைப் பார்த்துத்தான் சொன்னாங்க. "அவன் வெச்சா நான் உப்புக் கேட்டதே இல்ல."

பிறகு கையை நீட்டினாங்க. நான் உப்புப் போத்தலைக் கொடுத்தேன். இலை ஓரத்தில் கொஞ்சம் கொட்டி, தொட்டுத் தொட்டுப் பிசைந்து, இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டாங்க. கை கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்தபடியே கீழே உட்கார்ந்து, "போயிட்டியே ராசா" என்று தொடங்கினாங்க. மண் விழுந்த நாளில் இருந்து அதுவரை அத்தை ஒப்பாரி வைக்கவில்லை மச்சான். மற்றப் பெண்கள் எல்லாம் எழுந்து போய் அவங்களைக் கட்டிப் பிடித்துச் சேர்ந்து அழுதாங்க. நான் சட்டி கழுவினேன்.

இப்போது மேல் லயத்தில் மல்லிகா அக்கா வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பை மறைத்து அத்தைக்கு இடம் கொடுத்திருக்காங்க. வீடு தருவதாகச் சொல்கிறாங்க, எங்கே என்று சொல்லவில்லை. மாத்திரை பழைய அளவுக்கு வந்துவிட்டது. காலையில் ரொட்டி ஒன்று சாப்பிடுறாங்க, பகலில் கொஞ்சம் சோறு. கொழுந்தெடுக்கப் போக உடம்பு விடவில்லை. உன் மேல் கிடக்கிற மண்ணில் புல் முளைத்துவிட்டது. அதைப் பார்க்காமல் குழாயடிக்குப் போக முடியாது. என்னோடு அத்தை அதிகம் பேசுவதில்லை. அன்று நான் சொன்னது உண்மைதான், அதை மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் குழம்பை நான் இனிமேல் வைக்கப் போவதில்லை. உன் கையைப் பிடிக்க முயற்சி செய்ய மாட்டேன். ஹோட்டல் பையன்கள் அந்தக் குழம்புக்கு அளவு கேட்டு ஆள் அனுப்பினாங்க, இல்லை என்று சொல்லிவிட்டேன். இல்லாததை எப்படிக் கொடுப்பது?

ஆனால் அத்தை முன்னால் இருக்கிற தட்டு என் பொறுப்பு. அவங்க உடம்புக்கு எது ஆகும், பல்லுக்கு எது ஆகும், அன்றைக்கு வாய்க்கு எது இறங்கும் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்த்துத்தான் செய்வேன். பேசினாலும் பேசாவிட்டாலும், திட்டினாலும், பேக்டரி முடிந்ததும் நான் அங்கே போவேன். அவங்க சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை எழுந்து வரமாட்டேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு மருமகன் முறையில் நிற்கிற,
உன் மச்சான்
சுதன்